சிமாயோ போய்வர ஒரு முழு வழிகாட்டி: மண் கோயில், மண் குழி, மிளகாய்

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குச் சுற்றுலா வருகிற நம்மவர்கள் சான்டா ஃபேயில் இரண்டு நாள் என்று திட்டம் போட்டுவிட்டு, "பக்கத்தில் ஏதோ அற்புத மண் கொடுக்கிற சர்ச் இருக்கிறதாமே, அதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம்" என்று சிமாயோவை அரை மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். காரை நிறுத்தினேன், உள்ளே போனேன், குழியில் கைவிட்டு ஒரு பிடி மண் எடுத்தேன், வாசலில் நின்று ஒரு செல்ஃபி, கிளம்பிவிட்டேன். திரும்பும் வழியிலேயே எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடு, இன்னொரு முறை பெரிய வெள்ளிக்கிழமை கூட்டத்தோடு கூட்டமாக நடந்து. இந்த வழிகாட்டி அந்த இரண்டு பயணங்களிலிருந்து வந்தது. சுருக்கமாகச் சொன்னால், சிமாயோவுக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். அதைவிடக் குறைவாக நேரம் இருந்தால் போகாமலேயே இருக்கலாம் என்றுகூடச் சொல்வேன்.

இது என்ன ஊர்

சான்டா ஃபேக்கு வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில், சாங்ரே தெ கிறிஸ்தோ மலையடிவாரத்தில், சான்டா குரூஸ் ஆற்றோரமாக இருக்கிற கிராமம் சிமாயோ. ஊர் என்றதும் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அங்கங்கே சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னக் குடியிருப்புகளின் கூட்டம் அது. கோயில் இருக்கிற பகுதிக்கு எல் போத்ரெரோ என்று பெயர். சிமாயோ என்ற பெயரே ஸ்பானியப் பெயர் அல்ல. இந்த மண்ணின் பூர்வகுடிகள் பேசுகிற டேவா மொழியில் இங்குள்ள ஒரு குன்றின் பெயரிலிருந்து வந்தது. அவர்களுக்கு அது புனிதக் குன்று. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இந்த இடத்து மண்ணுக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்று அவர்கள் நம்பியதாகச் சொல்வார்கள்.

கோயிலின் கதை 1810-ல் தொடங்குகிறது. பெர்னார்தோ அபெய்தா என்பவர் பெரிய வெள்ளிக்கிழமை இரவில் தவம் செய்துகொண்டிருந்தபோது ஆற்றங்கரையில் ஓர் ஒளியைப் பார்த்தார். கையாலேயே தோண்டினார். பாடுபட்ட சுரூபம் ஒன்று, அதாவது சிலுவையில் அறைந்த யேசுவின் சிலை, கிடைத்தது. பங்குச் சாமியார் அதைப் பத்து மைலுக்கு அப்பால் சான்டா குரூஸ் கோயிலுக்கு ஊர்வலமாக எடுத்துப்போனார். மறுநாள் காலையில் பார்த்தால் சுரூபம் பழைய குழியிலேயே இருக்கிறது. மூன்று முறை கொண்டுபோனார்கள், மூன்று முறையும் அது திரும்பி வந்துவிட்டது. "எடுக்க எடுக்கத் திரும்ப வந்தது, கடைசியில் அங்கேயே கோயில் கட்டினோம்" என்ற கதையை நம்மில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, நம் பக்கத்துக் கோயில்களில் பாதிக்கு இதே தலபுராணம்தான். அது புராணம். பதிவாக இருப்பது இது: 1813-ல் அபெய்தா கோயில் கட்ட அனுமதி கேட்டு எழுதினார், இப்போது நாம் பார்க்கிற மண் கோயில் 1816-ல் முடிந்தது. அந்தச் சுரூபத்துக்கு எஸ்கிபுலாஸ் ஆண்டவர் என்று பெயர். எஸ்கிபுலாஸ் என்பது எங்கோ தெற்கே குவாத்தமாலாவில், கறுப்புக் கிறிஸ்துவுக்காகப் பேர்போன ஊர். அங்கேயும் பக்தர்கள் களிமண்ணை மருந்தாகச் சாப்பிடுவார்கள். ஆக சுரூபத்தின் பெயர் மட்டுமல்ல, மண் மேலிருக்கிற நம்பிக்கையும் சேர்ந்தேதான் வந்திருக்கிறது, அல்லது இங்கே ஏற்கெனவே இருந்த நம்பிக்கையோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எப்போது போவது

செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான் என் தேர்வு. ஆற்றோரத்து காட்டன்வுட் மரங்கள் முழுக்க மஞ்சளாகி நிற்கும், வீட்டு வாசல்களில் சிவப்பு மிளகாய்ச் சரங்கள் தொங்கும், காற்று இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலானால் இடி மின்னலோடு மழை கொட்டும். அதை இங்கேயும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே கோடையில் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். குளிர்காலத்தில் பனி விழுந்த அன்று கோயில் பார்க்க அப்படி இருக்கும், ஆனால் மலைப்பாதையில் கார் ஓட்டத் தெம்பு வேண்டும்.

வாரநாள் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது போய் நிற்பதுதான் நல்லது. சனி ஞாயிறில் பத்தரைக்கு மேல் போனால் வரிசையில் நின்று மண் எடுத்து வரிசையில் வெளியே வர வேண்டியிருக்கும். இந்தச் சின்னக் கோயிலுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் பேர்வரை வருகிறார்கள். முற்பகலில் பூசை இருக்கும். பூசை நேரத்தில் உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது, கூடவும் கூடாது. நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கோயிலின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

விமானத்தில் வருகிறவர்கள் ஆல்புகர்கியில் இறங்கி, அங்கேயே கார் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். ஆல்புகர்கியிலிருந்து சான்டா ஃபேவரை ரயில் உண்டு, ஆனால் அதற்கு மேல் கார் இல்லாமல் திண்டாட்டம்தான். நான் டல்லாஸிலிருந்து காரிலேயே போனவன், பத்து மணி நேரம் பிடித்தது, அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சான்டா ஃபேயிலிருந்து 84/285 நெடுஞ்சாலையில் வடக்கே போவாக்கிவரை போங்கள். அங்கே வலப்பக்கம் 503-ஆம் எண் சாலை பிரியும். நம்பே என்ற பழங்குடி ஊர் வழியாக அது வளைந்து வளைந்து போகும். பன்னிரண்டு கிலோமீட்டர் போல போனதும் இடப்பக்கம் ஹுவான் மெதீனா சாலையில் திரும்பினால் கோயிலுக்கு இறங்கலாம். இன்னொரு வழி, நேரே எஸ்பன்யோலாவரை போய் 76-ஆம் சாலையில் கிழக்கே திரும்புவது. அது கொஞ்சம் சுலபமான சாலை, ஆனால் பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. போகும்போது 503, வரும்போது 76 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் 503-ல் போகும்போதுதான் மரமே இல்லாத செம்மண் மேடுகள் வரிசையாக வந்து, வந்து, திடீரென்று கீழே பச்சைப் பள்ளத்தாக்கு ஒன்று விரியும். அந்த இறக்கத்தைக் காரின் முன்கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும்.

போன் சிக்னலை நம்ப வேண்டாம். முதல் முறை போனபோது வரைபடம் நடுவழியில் உறைந்துபோய், ஒரு ஆளுடைய தோட்டத்து வண்டிப்பாதையில் கொண்டுபோய் விட்டது. நாய் ஒன்று வழியனுப்பி வைத்தது. வழியை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எஸ்பன்யோலாவிலோ போவாக்கியிலோ பெட்ரோல் போட்டுவிடுங்கள். காருக்குள் பை, லேப்டாப் எதையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். இந்தப் பள்ளத்தாக்கு போதைப்பொருளால் நிறையப் பட்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் புனிதத் தலம்தானே என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. சான்டா ஃபே நம்ம கொடைக்கானல் உயரம், சிமாயோ குன்னூர் உயரம். ஆனால் குன்னூரின் ஈரம் இங்கே துளிகூட இல்லை. உதடு வெடிக்கும், மூக்கு காயும், தாகம் தெரியாமலேயே தலை வலிக்கும். தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு குடித்துக்கொண்டே இருங்கள். தொப்பி, ஒரு ஸ்வெட்டர், மண் எடுக்க மூடி போட்ட சின்ன டப்பா அல்லது ஜிப் பை. இவ்வளவு போதும்.

உள்ளே போகும் முன் சுவரைப் பாருங்கள்

எல்லோரும் நேரே கதவுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். வளைவு வாசல் வைத்த மதில், உள்ளே சின்ன முற்றம், முற்றத்தில் சில கல்லறைகள், பின்னால் இரண்டு மணிக்கூண்டுகளோடு கோயில். கோயிலின் நீளம் அறுபது அடிதான். சுவர் மட்டும் மூன்று அடி கனம். மூலைகள் எதுவும் கூராக இல்லை, எல்லாம் கையால் தடவி உருட்டிவிட்ட மாதிரி. மேலே இருக்கிற தகரக் கூரை பிற்காலத்தது. முதலில் தட்டைக் கூரைதான், மர உத்திரம் போட்டு மேலே மண் பரப்பியது.

இந்தச் சுவர் அடோபியில் கட்டியது. அடோபி என்பது வேறொன்றும் இல்லை, சுடாத மண்கல். களிமண்ணும் மணலும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்து, மரச் சட்டத்தில் அடித்து, வெயிலில் காயவைத்தது. செங்கல் அறுக்கிற இடத்தில் வளர்ந்தவர்களுக்குச் சூளையில் வைப்பதற்கு முன்னால் இருக்கிற பச்சைக்கல் என்றால் புரிந்துவிடும். இங்கே ஒரு கல் 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 4 அங்குல உயரம் இருக்கும். தூக்கினால் பதினைந்து கிலோ. பூர்வகுடிகள் அதற்கு முன்பு மண்ணைப் பிசைந்து கையாலேயே அடுக்கடுக்காகச் சுவர் எழுப்பினார்கள். சட்டத்தில் அடிக்கிற முறை ஸ்பானியர்களோடு வந்தது. அந்தச் சொல்லே அரபியிலிருந்து ஸ்பெயினுக்குப் போய் அங்கிருந்து இங்கே வந்த சொல்.

மண் சுவரின் குணம் உங்களுக்குத் தெரியும்: பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெல்ல விடும், கோடையில் உள்ளே குளிரும். ஆனால் மழை அதற்கு எமன். வைக்கோல் கலந்த மண் பூச்சை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் பூச்சு வேலை பரம்பரையாகப் பெண்கள் கை. "ஏன் இந்தத் தொல்லை, சிமென்ட் பூசிவிடலாமே" என்று யாருக்கும் தோன்றும். டாவ்ஸ் பக்கத்தில் இருக்கிற புனித பிரான்சிஸ் கோயிலில் 1967-ல் அப்படித்தான் பூசினார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி மண்கல்லைக் கரைக்க ஆரம்பித்துவிட்டது. 1979-ல் சிமென்ட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் திரும்ப மண்ணுக்கே வந்தார்கள். இப்போது ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஊரே சேர்ந்து பூசுகிறது. இதைத் தெரிந்துகொண்டு சிமாயோவின் சுவரைத் தொட்டுப் பார்த்தால் அதன் மேலிருக்கிற மரியாதையே வேறு.

உள்ளே

கதவைத் தாண்டியதும் கண் இருட்டும். கொஞ்ச நேரம் நில்லுங்கள், பழகிவிடும். மரத் தரை, மர பெஞ்சுகள், தலைக்கு மேலே தேய்ந்த உத்திரங்கள். படம் எடுக்கக் கூடாது. முதல் முறை இது தெரியாமல் போனைத் தூக்கினேன், பின்பெஞ்சில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு பாட்டி வாயே திறக்காமல் விரலை மட்டும் ஆட்டினார், போன் தானாகப் பைக்குள் போய்விட்டது. அது நல்லதுக்கே, கையில் போன் இருந்திருந்தால் நான் பீடத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

பீடத்துக்குப் பின்னாலும் பக்கச் சுவர்களிலும் மொத்தம் ஐந்து பெரிய சித்திரப் பலகைகள். மரத்தில் ஜிப்சம் பூசி, செடியிலிருந்தும் தாதுவிலிருந்தும் எடுத்த நிறங்களால் வரைந்தது. நடுப் பீடத்தில் உள்ளது மொலேனோ என்ற ஓவியருடையது. மற்றவற்றில் அரகோன் என்ற பெயருள்ள ஓவியர்களின் கை இருக்கிறது. இவர்கள் யாரும் ஐரோப்பாவில் படித்தவர்கள் இல்லை. மெக்சிகோவிலிருந்து மாட்டு வண்டியில் எப்போதாவது வந்துசேர்ந்த படங்களைப் பார்த்துத் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள். திரைச்சீலை, தூண், மலர் எல்லாமே தட்டையாக, தைரியமான கோடுகளில் இருக்கும். நடுவில், கரும்பச்சை வண்ணம் பூசி இலைகள் வரைந்த சிலுவையில், எஸ்கிபுலாஸ் ஆண்டவர். கதையில் வருகிற அந்தச் சுரூபம் அதுதான்.

இன்னொரு செய்தி. இந்தக் கோயில் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பத்தின் சொந்தச் சொத்தாகவே இருந்தது. 1920-களின் கடைசியில் பணக்கஷ்டத்தில் சுரூபங்களை ஒவ்வொன்றாக விற்கும் நிலை வந்தபோது, எழுத்தாளர் மேரி ஆஸ்டினும் ஓவியர் ஃபிராங்க் ஆப்பிள்கேட்டும் நின்று, பெயர் சொல்ல விரும்பாத ஒருவரிடம் பணம் வாங்கி, 1929-ல் கோயிலை வாங்கி சான்டா ஃபே உயர்மறைமாவட்டத்திடம் ஒப்படைத்தார்கள். அது நடக்காமல் போயிருந்தால் இந்தப் பலகைகள் இன்று யார் யார் வீட்டு வரவேற்பறையில் தொங்குமோ.

மண் குழி

பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் கதவு. அதன் வழியாக ஒரு நீள அறைக்குப் போகலாம். அந்த அறைச் சுவரில் வரிசையாக ஊன்றுகோல்கள். நடக்க முடிந்துவிட்டது என்று விட்டுப் போனவை. பக்கத்தில் நூற்றுக்கணக்கான புகைப்படங்கள், ராணுவ உடையில் பையன்கள், மருத்துவமனைக் கைப்பட்டை, செபமாலைகள், கையால் எழுதிய கடிதங்கள். அந்த அறையிலிருந்து இன்னும் சின்னதாக ஓர் உள்ளறை, நுழைய நன்றாகக் குனிய வேண்டும், உயரமானவர்கள் நெற்றியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் ஒன்றரை அடி அகலத்துக்கு வட்டமாக ஒரு குழி. எல் போசீதோ, சின்னக் கிணறு என்று பெயர். உள்ளே உலர்ந்த, மாவு போன்ற, வெளிறிய செம்மண். ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் கிடக்கும். அவ்வளவுதான்.

ஒரு நேரத்தில் நாலைந்து பேருக்கு மேல் நிற்க இடமில்லை. முட்டி போட்டு, வேண்டிய அளவு, அதாவது ஒரு கைப்பிடி, எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு வழிவிடுங்கள். சிலர் அங்கேயே கைகால்களில் தேய்த்துக்கொள்வார்கள். சிலர் அழுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

"எவ்வளவு எடுத்தாலும் குழி தானாக நிரம்பிவிடுமாம்" என்று யாராவது சொல்வார்கள். இல்லை. பக்கத்து மேடுகளிலிருந்து மண் கொண்டுவந்து, மந்திரித்து, கோயிலார்தான் நிரப்புகிறார்கள். அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவார்கள். குணமாக்குவது மண் இல்லை, விசுவாசம் என்பது அவர்கள் பேச்சு. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் சிவகங்கைச் சீமைக்காரர், ஓரியூருக்கு நேர்ச்சை வைத்து நடந்தவர். அருளானந்தர் என்ற கத்தோலிக்கச் சாமியார் 1693-ல் தலை வெட்டுண்டு இறந்த இடத்தில் மண் சிவந்துபோனது என்று நம்பி, அந்த மண்ணை மருந்தாக வீட்டுக்கு எடுத்துப்போகிற ஊர் அது. குழியைப் பார்த்ததும் சட்டென்று மண்டி போட்டவர், மண்ணை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "நம்மூர் மண்ணு மாதிரி செவப்பா இல்லையே தம்பி, கொஞ்சம் வெளுப்பா இருக்கு" என்றார். அப்புறம் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி முட்டியில் பூசிக்கொண்டார். பின்னால் நின்ற ஒரு ஸ்பானியப் பாட்டி தன் முட்டியைக் காட்டி ஏதோ சொன்னார். அம்மா தன் முட்டியைக் காட்டி ஏதோ சொன்னார். இருவருக்கும் ஒரே வியாதி என்பது மட்டும் இருவருக்கும் புரிந்துவிட்டது.

சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். சிலர் துளி நாக்கில் வைத்துக்கொள்வதுண்டு. நான் பூசிக்கொள்வதோடு நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன், குழந்தைகளுக்குக் கட்டாயம் வேண்டாம்.

குழந்தை யேசுவும் குட்டிச் செருப்புகளும்

கோயிலிலிருந்து பொடிநடையில் இன்னொரு சிற்றாலயம் இருக்கிறது, அதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். 1850-களில் மெதீனா குடும்பத்தார் கட்டியது. அங்கே இருப்பது அத்தோச்சா குழந்தை யேசு. ஸ்பெயினில் சிறைக்கைதிகளுக்கு வெளியிலிருந்து சோறு கொண்டுபோகக் குழந்தைகளுக்கு மட்டும்தான் அனுமதி இருந்ததாம். அப்போது ஒரு சிறுவன் கூடையும் தண்ணீர்ச் சுரைக்குடுக்கையும் எடுத்துக்கொண்டு வந்தான், கூடை குறையவே இல்லை என்பது கதை. இங்கே அந்தக் குழந்தை ராத்திரியில் எழுந்து பள்ளத்தாக்கு முழுக்க நடந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறது, அதனால் செருப்பு தேய்ந்துபோகிறது என்று நம்பிக்கை. ஆகவே மக்கள் புதுச் செருப்பு கொண்டுவந்து வைக்கிறார்கள். சுவர் முழுக்கக் கைக்குழந்தைகளின் காலணி. கம்பளியில் பின்னியது, வெள்ளைத் தோல், விளக்கு எரிகிற பிளாஸ்டிக் ஷூகூட ஒன்று பார்த்தேன். குழந்தைக்காக வேண்டிக்கொண்டவர்களும், குழந்தையை இழந்தவர்களும் வைத்தது. பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் ஒரு ஜோடி எடுத்துப்போங்கள்.

புனித வெள்ளி நடைபயணம்

இதை முழுதாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிமாயோவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. புனித வாரத்தில் முப்பதாயிரம் பேர்வரை நடந்தே வருகிறார்கள். சான்டா ஃபேயிலிருந்து ஒரு நாள், ஆல்புகர்கியிலிருந்து என்றால் சில நாட்கள். சிலர் தோளில் மரச்சிலுவையோடு. இவ்வளவு பெரிதாக இது ஆனதற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. 1942-ல் பிலிப்பைன்ஸில் பத்தான் தீபகற்பம் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டவர்களில் நியூ மெக்சிகோக்காரர்கள் ஏறக்குறைய 1,800 பேர். கைதிகளை நாட்கணக்கில் நடக்கவைத்த மரண அணிவகுப்பையும் சிறை முகாம்களையும் தாண்டிப் பாதிப் பேர்தான் வீடு திரும்பினார்கள். முகாமில் இருந்தபோது அவர்கள் வேண்டிக்கொண்டது கைதிகளுக்குச் சோறு கொண்டுபோன அதே குழந்தை யேசுவிடம். உயிரோடு வந்தவர்கள் 1946-ல் நேர்த்திக்கடனாகச் சிமாயோவுக்கு நடந்தார்கள். அதற்குப் பிறகு நடை ஆண்டுக்கு ஆண்டு பெருகியது.

நீங்கள் நடக்க நினைத்தால், முதல் முறை சான்டா ஃபேயிலிருந்து வேண்டாம். 45 கிலோமீட்டர், கடைசியில் ஏற்ற இறக்கம், பழக்கம் இல்லாதவர்களுக்குக் கால் கொப்புளித்துவிடும். நான் போவாக்கியிலிருந்து நடந்தேன். 17 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் ஐந்து மணி நேரம். விடியுமுன் கிளம்புங்கள். அந்த நேரத்தில் உறைகிற குளிர் இருக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் சுடும், பிற்பகலில் காற்று மண்ணை வாரி இறைக்கும், அதனால் அடுக்கடுக்காகச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றுவதுதான் வழி. பழகிய ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், டார்ச், பிளாஸ்திரி. சாப்பாடு சுமக்க வேண்டாம். வழிநெடுக ஊர்க்காரர்கள் மேசை போட்டு ஆரஞ்சுச் சுளை, தண்ணீர், சூடான சாக்லெட் கொடுக்கிறார்கள். பழனிக்கு நடந்தவர்களுக்கு அந்த மேசைகளைப் பார்த்ததும் அன்னதானப் பந்தல் ஞாபகம் வந்துவிடும். காவலர்கள் சாலையோரம் கூம்பு வைத்துப் பாதை ஒதுக்கியிருப்பார்கள். எதிரே வண்டிகள் வருவது தெரிகிற பக்கமாகவே நடங்கள்.

போய்ச் சேர்ந்ததும் கோயிலுக்குள் நுழைய வரிசை மணிக்கணக்கில் இருக்கும். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. திரும்ப ஆள் ஒருவர் காரோடு வருவார் என்றால் முன்கூட்டியே இடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் கார் நகராது, போனும் எடுக்காது. நான் பேசிவைக்காமல், நண்பனைத் தேடி ஒரு மணி நேரம் கூட்டத்தில் அலைந்தேன். நடந்ததைவிட அதுதான் களைப்பு.

நடக்காதவர்கள், சும்மா பார்க்க மட்டும் என்றால், அந்த வாரம் தயவுசெய்து வராதீர்கள்.

சாப்பாடும் மிளகாயும்

உட்கார்ந்து சாப்பிட ராஞ்சோ தெ சிமாயோ. 1965-லிருந்து ஹராமியோ குடும்பம் தங்கள் பழைய மண் வீட்டில் நடத்துகிற உணவகம். என்ன சொன்னாலும் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள். எந்த மிளகாய்ச் சாறு ஊற்ற வேண்டும் என்று பொருள். முடிவெடுக்க முடியாவிட்டால் "கிறிஸ்மஸ்" என்று சொல்லுங்கள், இரண்டும் வரும். கார்னே அதோவாதா என்பது சிவப்பு மிளகாயில் ஊறவைத்து வேகவைத்த பன்றிக்கறி, அதைத் தவறவிட வேண்டாம். கூடவே வருகிற சோப்பப்பியா நம்ம பூரியேதான், உப்பினதும் ஓரத்தைக் கிள்ளி உள்ளே தேன் விட்டுச் சாப்பிட வேண்டும். சைவக்காரர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள்: பீன்ஸ் மசியலிலும் டொர்டியா ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு இருக்க வாய்ப்புண்டு, பச்சை மிளகாய்ச் சாற்றிலும் கறி கிடக்கலாம். இறைச்சி இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, கொழுப்பு உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

சிமாயோ மிளகாய் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்து விதைக்கிற நாட்டு ரகம். சின்னது, கோணல்மாணலாக இருக்கும், வெயிலில் காயவைப்பார்கள். காரம் நம்ம குண்டு மிளகாயைவிடக் குறைவு, ஆனால் ஒரு இனிப்பும் மண்வாசனையும் உண்டு. விளைச்சல் கொஞ்சம், விலை யானை விலை. மலிவாகக் கிடைத்தால் அது வேறு எங்கோ விளைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கியது கால் பவுண்டு. அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு, மீன் குழம்புக்கு ஆகாது, நிறத்துக்கு வேண்டுமானால் போடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பிற்பகலில்

கோயிலுக்குப் பின்னால் ஆற்றோரமாக நடந்தால் குதிரை மேய்கிற புல்வெளியும் ஒரு வாய்க்காலும் வரும். அசேக்கியா என்பார்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஒரு மயோர்தோமோ உண்டு, நம்ம நீர்க்கட்டி மாதிரி. வசந்த காலத்தில் பாசனக்காரர்கள் எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் தூர் வாருவார்கள். நம் பக்கம் குடிமராமத்து என்று சொல்லி மறந்துபோனது இங்கே இன்னும் நடக்கிறது.

வடக்கே 76-ஆம் சாலைப் பக்கம் போனால் நெசவுக் கூடங்கள். ஓர்த்தேகா, ட்ருஹியோ குடும்பங்கள் பல தலைமுறையாகக் காலால் மிதிக்கிற தறியில் கம்பளி நெய்கிறார்கள். சென்டினேலா கூடத்தின் இர்வின் ட்ருஹியோ 2007-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றவர். அவுரியிலும் கொச்சினீல் பூச்சியிலும் சாயம் ஏற்றின நூலை அங்கே பார்க்கலாம். விலை கேட்டுவிட்டு மௌனமாகத் திரும்ப வைத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நான் வைத்தேன். அருகிலேயே பிளாசா தெல் செர்ரோ. 18-ஆம் நூற்றாண்டில், தாக்குதலுக்குப் பயந்து வீடுகளின் முதுகையே மதிலாக வைத்துக் கட்டின சதுக்கம். பாதி இடிந்து கிடக்கிறது, தனியார் வீடுகள், சாலையிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வெயில் இன்னும் இருந்தால் 76-லேயே மேலே ஏறி ட்ரூச்சஸ்வரை, முடிந்தால் லாஸ் ட்ராம்பஸ்வரை போங்கள். அங்கே 1760-க்கும் 1776-க்கும் இடையில் கட்டின மண் கோயில் ஒன்று இருக்கிறது. கதவு பெரும்பாலும் பூட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்கிற அளவுக்கு அழகு.

மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோவது

அமெரிக்காவுக்குள் ஒரு பிடி மண்ணை எடுத்துப்போவதில் பிரச்சினை இல்லை. இந்தியாவுக்கு வேண்டாம். வெளிநாட்டு மண்ணை அனுமதியில்லாமல் கொண்டுவரப் பயிர்க் காப்பு விதிகள் விடாது, விமான நிலையத்தில் பையைத் திறந்தால் விளக்கம் சொல்ல முடியாது. அம்மா ஊரில் இருக்கிற சித்திக்கு என்று ஒரு ஜிப் பை நிறைய எடுத்து வைத்திருந்தார். சொன்னேன். முகம் வாடிப்போய், ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் அந்தப் பையைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். கிளம்புகிற அன்று காலையில், பால்கனித் தொட்டியில் வருஷக்கணக்காக வளராமல் நிற்கிற கறிவேப்பிலைச் செடியின் அடியில் அதைக் கொட்டி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். செடி இன்னும் அதே உயரம்தான்.